நூறு கிலோவைத் தாண்டியவர்களுக்கு சைக்கிள்: மனசு விட்டுப்போகாமல் ஓட்டுவது எப்படி

நான் பார்த்தவரையில், எடை அதிகம் உள்ளவர்கள் சைக்கிள் ஓட்டுவதை நிறுத்துவது மூச்சு வாங்குவதால் கிடையாது, கால் வலியாலும் கிடையாது. அதெல்லாம் மூன்று நான்கு வாரத்தில் ஓரளவு பழகிவிடும். எடை மெஷினும், தெருவில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்கிற கூச்சமும்தான் நிறுத்த வைக்கின்றன. எந்த கியர், எந்த டயர் என்று சொல்லித்தர ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள், இந்த இரண்டைப் பற்றிப் பேச ஆள் குறைவு. சென்னையில் மூன்று இலக்க எடையோடு சைக்கிள் ஓட்டுகிறவன் நான். எனக்கும் என்னோடு ஓட்டும் சிலருக்கும் உண்மையிலேயே உதவியதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். வயது 40-ஐத் தாண்டியிருந்தால், அல்லது பிரஷர், சர்க்கரை, இதயக் கோளாறு ஏதாவது இருந்தால், டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளை எடுக்கிறவர்களுக்கும் வெறும் வயிற்றில் மிதித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம், அதனால் மருந்து நேரத்தை டாக்டரிடம் பேசி வைத்துக்கொண்டு, பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் வைத்திருங்கள். ஓட்டும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, தலை சுற்றினாலோ, அது மன உறுதி காட்டுகிற நேரம் இல்லை. இறங்கி உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

எடை மெஷினைத் தள்ளி வையுங்கள்

நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: சைக்கிளையும் எடையையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். எடை குறைய வேண்டும் என்ற ஆசையில் தப்பில்லை, எனக்கும் உண்டு. ஆனால் ஓட்டியதற்குக் கூலி எடை மெஷினில் வரவேண்டும் என்று எதிர்பார்த்தால் சீக்கிரமே ஏமாந்துபோவீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 100 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 16 கிலோமீட்டருக்குக் கீழே நிதானமாக ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் சுமார் 400 கலோரி செலவாகும், கொஞ்சம் வேகம் பிடித்து 16-லிருந்து 19 வரை போனால் 650 பக்கம் வரும். ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது ஏறக்குறைய 7,700 கலோரி. அதாவது சாப்பாட்டில் எதையும் மாற்றாமல் மிதித்து மட்டும் ஒரு கிலோ கரைக்க, பன்னிரண்டிலிருந்து இருபது மணி நேரம் வரை சீட்டில் உட்கார வேண்டும். திரும்பி வரும் வழியில் நெய்ப்பொங்கலும் இரண்டு வடையும் சாப்பிட்டால் அன்றைய கணக்கு அங்கேயே நேராகிவிடும். இன்னொன்றும் நடக்கும். புதிதாக உழைக்க ஆரம்பித்த தசை, சர்க்கரைச் சத்தைச் சேர்த்து வைக்கும், அதோடு தண்ணீரையும் பிடித்து வைக்கும். அதனால் முதல் சில வாரம் எடை கூடினாலும் கூடும். ஐந்து மணிக்கு எழுந்து, வியர்வை சொட்டச் சொட்ட ஓட்டிவிட்டு வந்து மெஷினில் ஏறினால் அரைக் கிலோ கூடியிருக்கிறது, யாருக்குத்தான் மனசு விடாது?

ஆனால் அதே நேரத்தில் உள்ளே நல்லது நடந்துகொண்டுதான் இருக்கிறது. இன்சுலினுக்கு உடம்பு இணங்குவது, ரத்த அழுத்தம், தூக்கம் எல்லாம் எடை ஒரு கிலோகூடக் குறையாமலே மேம்படலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று நிமிடத்தில்தான் சொல்கிறது. நீங்களும் நிமிடத்தில் எண்ணுங்கள். சமையலறைக் காலண்டரில் ஓட்டிய நாளைச் சுற்றி ஒரு வட்டம், அதற்குள் எத்தனை நிமிடம் என்று ஒரு எண், அவ்வளவுதான். கிலோமீட்டரை எழுதினால் நேற்றை விட இன்று குறைவு என்கிற எண்ணம் வந்துவிடும், எதிர்க்காற்று அடித்த நாளில் அது அநியாயமான கணக்கு.

நிமிடத்தோடு இன்னும் இரண்டைப் பார்க்கலாம். காலையில் எழுந்ததும், காபிக்கு முன், ஒரு நிமிடத்துக்கு நாடி எத்தனை என்று எண்ணுங்கள். ஒழுங்காக ஓட்டினால் சில மாதத்தில் பெரும்பாலும் அது இறங்கும். அப்புறம் வீட்டுப் பக்கத்தில் ஒரே பாதையைத் தேர்ந்தெடுத்து மாதத்துக்கு ஒருமுறை ஓட்டி, பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். முதல் மாதம் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கிய இடத்தில் மூன்றாம் மாதம் முழு வாக்கியம் வரும். எடை பார்த்தே ஆகவேண்டும் என்றால் அதையும் மாதம் ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டிய நாளில் மட்டும் வேண்டாம்.

"சைக்கிள் தாங்குமா?"

இந்தக் கேள்வியை டீக்கடையில் கேட்பார்கள், சொந்தக்காரர்கள் கேட்பார்கள், நீங்களே ராத்திரி படுத்துக்கொண்டு கேட்டுக்கொள்வீர்கள். மனசுக்குள் இந்தப் பயம் இருக்கும்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் உடம்பு இறுகும், ஓட்டுவதில் சந்தோஷமே இருக்காது. தைரியம் சொல்லி இதைத் தீர்க்க முடியாது, சைக்கிளைச் சரியாக வைத்துக்கொள்வதுதான் வழி.

எவ்வளவு எடை தாங்கும் என்று கம்பெனிக்காரர்கள் கையேட்டில் போட்டிருப்பார்கள். பல சைக்கிள்களுக்கு அது 100 முதல் 120 கிலோ வரை இருக்கும். அது ஓட்டுகிறவர் மட்டுமா, பையும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்தா என்று கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கவே கூச்சமாக இருந்தால் போனில் கேளுங்கள். ஃபிரேம் பெரும்பாலும் தாங்கிவிடும், தகராறு சக்கரத்தில்தான், அதுவும் பின் சக்கரத்தில், ஏனென்றால் பாரத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் விழுகிறது. அரிசி மூட்டையும் பால் கேனும் கட்டிக்கொண்டு ஓடிய பழைய கறுப்பு சைக்கிள்களில் முன் சக்கரத்துக்கு 32 ஸ்போக்ஸ், பின்னால் 40 போட்டதே இதற்காகத்தான். இன்று வாங்கும்போது 32-க்குக் குறையாமல், 36 கிடைத்தால் இன்னும் நல்லது. டயர் அகலம் 35 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கட்டும். காற்றைக் கையால் அமுக்கிப் பார்த்து விட்டுவிடாதீர்கள், டயரின் பக்கவாட்டிலேயே அளவு எழுதியிருக்கும், நம் எடைக்கு அதில் சொன்ன அதிகபட்சத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். காற்று குறைந்தால் பள்ளத்தில் ட்யூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும்.

வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியையே பாருங்கள். அது ஒரே அளவாக ஓடினால் சரி, ஒரு இடத்தில் மட்டும் குறுகிக் குறுகி விரிந்தால் ரிம்மில் கோட்டம் விழுந்திருக்கிறது. டிஸ்க் பிரேக் என்றால் ஃபிரேமில் விரலை ஊன்றி நகத்தை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஸ்போக்ஸை இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள், மற்றதெல்லாம் விறைப்பாக இருக்கும்போது ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் தெரிந்துவிடும். புது சைக்கிளில் முதல் இருநூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை கோட்டம் எடுக்கக் கொடுத்துவிட வேண்டும், கம்பிகள் உட்கார்ந்து கொஞ்சம் தளர்வது சகஜம். இதைப் பழகிவிட்டால் "தாங்குமா" என்று யார் கேட்டாலும் உங்களுக்குப் பதில் தெரியும், கோபமும் வராது.

தெருவில் வரும் பேச்சு

பைக்கில் கடந்து போகிற பையன் கத்துவான், "அண்ணே, சைக்கிள் பாவம்ணே!" வாக்கிங் வரும் பெரியவர் நல்லெண்ணத்தோடேயே "ஒரு மாசத்துல இளைச்சிடுவீங்க சார்" என்பார், அதுவும் வலிக்கும். வீட்டில் "எவ்ளோ குறைஞ்சிருக்கு?" என்பார்கள். இதெல்லாம் வராது என்று நான் சொல்லப்போவதில்லை, வரும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று யோசிக்கிற நிலையில் இருக்கக்கூடாது, முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

"இப்படி நடந்தால் நான் இதைச் செய்வேன்" என்று முன்பே தீர்மானித்து வைத்தவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்கிற உளவியல் பேராசிரியர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நான் அதை இப்படி வைத்திருக்கிறேன்: யாராவது கத்தினால், மூச்சை முழுசாக வெளியே விட்டு ஒரு கியர் இலகுவாக்குவேன். கேட்க என்னவோ போல இருக்கும், ஆனால் கைக்கும் மூச்சுக்கும் வேலை வந்துவிடுவதால் பதிலுக்குக் கத்தவும் தோன்றாது, வேகமாக மிதித்து ஓடவும் தோன்றாது. அவமானத்தில் வேகம் எடுத்தால் அரைக் கிலோமீட்டரில் மூச்சு முட்டி, நம்மால் முடியாது என்ற முடிவுக்கே வந்துவிடுவோம். வீட்டுக்காரர்கள் எடை கேட்டால், "இந்த வாரம் 120 நிமிஷம் ஓட்டினேன்" என்று நிமிடத்தைச் சொல்லுங்கள். நாலு தடவை இதே பதில் வந்தால் கேள்வி மாறும்.

முதல் மாதம் நேரத்தையும் இடத்தையும் உங்களுக்குச் சாதகமாக வைத்துக்கொள்வதில் எந்தக் கோழைத்தனமும் இல்லை. விடிகாலை ஐந்தரைக்கு பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் இருப்பவர்கள் எல்லோரும் அவரவர் உடம்போடு மல்லுக்கட்ட வந்தவர்கள்தான், உங்களைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இல்லை. மதுரையில் அழகர்கோவில் சாலை, கோவையில் சிறுவாணி ரோடு என்று ஊருக்கு ஒரு இடம் இருக்கும்.

பெண்களுக்கு இது இன்னும் கடினம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆணிடம் கிண்டலோடு நிற்பது அவர்களிடம் வேறு மாதிரிப் போகும், விடிகாலை வெறிச்சோடிய சாலை அவர்களுக்குச் சாதகமும் இல்லை. தனியாகப் போவதை விட இரண்டு பேராக, வெளிச்சமும் நடமாட்டமும் உள்ள சாலையில், வெளிச்சம் வந்த பிறகு ஆரம்பிக்கலாம். துப்பட்டாவையும் தொளதொள பேண்ட்டையும் செயின் இழுக்கும், அதை மட்டும் மறக்க வேண்டாம். சைக்கிளுக்கென்று விற்கிற ஜெர்சி சேரவில்லை என்றால் அது ஜெர்சியின் குறை. பருத்தி டி-ஷர்ட்டில் தாராளமாக ஓட்டலாம்.

மனசை அரிக்கிற வலிகள்

மன உறுதி இல்லை என்று நினைப்பதில் பாதி உண்மையில் சீட் வலி. சீட்டின் அகலம் உட்காரும் எலும்புகளுக்குப் பொருந்த வேண்டும். மெத்து மெத்தென்ற ஜெல் சீட் முதல் பத்து நிமிடம் சுகமாக இருந்து, அரை மணிக்கு மேல் அமுங்கி இன்னும் வலிக்க வைக்கும். பேட் வைத்த ஷார்ட்ஸ் வாங்குங்கள், அதற்குள் ஜட்டி போடக்கூடாது, தையல்தான் தோலைக் கிழிப்பது. தொடை உரசுகிற இடத்தில் வாஸ்லின். சீட் உயரத்துக்கு, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தாழ்வாக வைத்தால் முட்டி போய்விடும். கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல் இலகுவான கியரில் நிமிடத்துக்கு 70 சுற்றுக்கு மேல் வருகிற மாதிரி மிதியுங்கள்.

முதல் பத்து நிமிடமும் ஒரு மேம்பாலமும்

ஓட்ட ஆரம்பித்ததும் வரும் இரைப்பு எல்லோருக்கும் உண்டு. தசை கேட்கிற ஆக்ஸிஜனை இதயமும் நுரையீரலும் கொண்டுபோய்ச் சேர்க்கச் சில நிமிடம் பிடிக்கும், பழக்கம் இல்லாத உடம்புக்கு அது இன்னும் அதிக நேரம். அதனால் முதல் பத்து நிமிடத்தை வைத்து அன்றைய நாளை முடிவு செய்யாதீர்கள். போக மனசே இல்லாத காலையில் உங்களோடு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, அதற்கப்புறமும் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி வந்துவிடலாம். திரும்பி வந்தால் அதற்கும் காலண்டரில் வட்டம் உண்டு, இருபது நிமிடம் என்று எழுதலாம். பெரும்பாலான நாட்களில் திரும்ப மாட்டீர்கள்.

சென்னையில் ஓட்டுகிற நமக்குப் பெரும்பாலும் மேம்பாலம்தான் ஏற்றம். சமதளத்தில் உங்களைப் பின்னால் இழுப்பது பெரும்பாலும் காற்றுதான், எடை அங்கே பெரிய பாதகம் இல்லை. ஏற்றத்தில்தான் ஒவ்வொரு கிலோவும் கணக்குக் கேட்கும், அங்கேதான் மனசும் பேச ஆரம்பிக்கும். பாலம் தொடங்குவதற்கு முன்பே, சமதளத்தில் இருக்கும்போதே, கியரை இறக்கிவிடுங்கள், ஏற்றத்தில் மாட்டிக்கொண்டு மாற்றினால் செயின் கடகடவென்று கத்தும், சில சமயம் கழன்றும் விடும். சீட்டிலேயே உட்கார்ந்திருங்கள். தோளை இறக்கி ஹேண்டில்பாரில் பிடியைத் தளர்த்துங்கள், பயத்தில் இறுக்கிப் பிடிப்பதே பாதி பலத்தைத் தின்றுவிடும். உச்சியைப் பார்க்க வேண்டாம். அடுத்த விளக்குக் கம்பத்தைப் பாருங்கள், அங்கே போனதும் அதற்கடுத்தது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும், அவருக்கு ஒதுங்க வேண்டும் என்று ஓரத்து மணலில் இறங்கிவிடாதீர்கள், இடதுபுறமாக நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தால் அவர் சுற்றிப் போவார். மூச்சு முட்டினால் ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் எந்தக் கேவலமும் இல்லை, அடுத்த வாரம் ஒரு கம்பம் தாண்டி இறங்கினால் அதுவே முன்னேற்றம். இறக்கத்தில் நம் எடைக்கு வேகம் சட்டென்று கூடும், பிரேக்கைக் கொஞ்சம் முன்னதாகவே பிடியுங்கள்.

ஈசிஆரில் பாலத்தின் இடத்தைக் காற்று எடுத்துக்கொள்ளும். ஜூன், ஜூலை காலைகளில் தென்மேற்கிலிருந்து வீசும், முட்டுக்காடு நோக்கிப் போகும்போது முகத்தில் அடித்துத் திரும்பும்போது முதுகைத் தள்ளும். மற்ற மாதங்களில் வெயில் ஏறிய பிறகு கடல் காற்று கிளம்பினால் வேறு கதை. எதிர்க்காற்றில் வேகம் 12-க்கு இறங்கினாலும் நாடித் துடிப்பு அதேதான், உழைப்பு அதேதான். கத்திரி வெயிலும் இப்படித்தான். மே மாதம் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பைக் குளிர வைக்கவே இதயம் கூடுதலாக ஓடும். ஜனவரியில் ஓட்டிய வேகத்தை மே மாதத்தில் எதிர்பார்த்து, பின்னுக்குப் போய்விட்டோம் என்று மனசு ஒடிந்தவர்களை எனக்குத் தெரியும். மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது குடியுங்கள், நீண்ட தூரம் என்றால் வழியில் உப்புப் போட்ட மோர்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். காய்ச்சல் வரும், கல்யாண சீசன் வரும், நவம்பரில் மழை இரண்டு வாரம் விடாமல் பெய்யும். அப்போது எத்தனை நாள் போனது என்று எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊற சராசரியாக 66 நாள் ஆனது, ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறியது அதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு பழைய அளவை அன்றே பிடிக்க நினைக்காதீர்கள். கடைசியாக ஓட்டியதில் பாதி நேரம், இலகுவான கியரில், தெரிந்த பாதையில். முந்தைய நாள் ராத்திரியே காற்று அடித்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பி, துணியை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள், காலையில் முடிவெடுக்க எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. காய்ச்சல் என்றால் விட்டு இரண்டு மூன்று நாளாவது கழியட்டும், படியேறினால் இரைக்கிற நிலையில் சைக்கிளைத் தொட வேண்டாம்.

ஒரு வருடம் போல ஓட்டிப் பழகிய பிறகு பெரிதாக ஏதாவது வேண்டும் என்று தோன்றினால், ரேஸ் பக்கம் போகாமல் பிரெவே பக்கம் பாருங்கள், அதாவது நீண்ட தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்கிற சவாரி. ஆடாக்ஸ் இந்தியாவின் கீழ் சென்னை, கோவை என்று பல ஊர் கிளப்கள் நடத்துகின்றன. 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம், சாப்பிட, பஞ்சர் ஒட்ட, மரத்தடியில் உட்கார எல்லாம் சேர்த்து. மணிக்கு 15-க்கும் குறைவான சராசரி போதும், முதல் இடம் கடைசி இடம் என்று எதுவும் கிடையாது, நேரத்துக்குள் வந்தால் முடித்தவர், அவ்வளவுதான். நம்மைப் போன்ற உடம்புக்காரர்கள் அதை முடித்திருக்கிறார்கள்.

அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை குரூப் ரைடுகளுக்குப் போய்ப் பழகலாம். போவதற்கு முன்னால் நடத்துகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: சராசரி வேகம் என்ன, பின்தங்குகிறவர்களோடு கடைசியில் வர யாராவது இருக்கிறார்களா? "வாங்க, பார்த்துக்கலாம்" என்று பொதுவாகப் பதில் வந்தால் அந்த ரைடு இப்போதைக்கு வேண்டாம். கடைசியில் வருகிற ஆளின் பெயரையும் நம்பரையும் கொடுக்கிற குரூப்பாகப் பார்த்துச் சேருங்கள்.